வள்ளிமலையில் மார்கழி வெயில்

திமிரிப் பக்கத்தில் மலையைச் சுற்றி நடப்பதென்றால் கிரிவலம்தான். அதற்குத் திருவண்ணாமலைக்கே போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டையின் தோல் வாடையைத் தாண்டி, திருவலம் வழியாகப் போனால் வள்ளிமலை. சித்திரையில் இந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. மார்கழியில் பத்து மணிக்கும் கல் இளஞ்சூடாகத்தான் இருக்கும், சுகம்! படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, மேலேயே திருப்புகழைப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகளின் ஆசிரமம் வரை நடக்கலாம். கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் தீர்த்தங்கரர் சிற்பங்களின் தோளும் முழங்காலும் புடைத்துத் தெரியும். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டை. இறங்கி அடிவாரத்தைச் சுற்றும்போது தண்ணீர் கையில் இருக்கட்டும். குரங்குகள் உண்டு, பையை இறுக்கிக் கட்டுங்கள்.