ஆடம்பரமா, ஆவணமா?

காஞ்சிப் பட்டில் உடல் வேறு, கரை வேறு. மூன்று நாடாக்களை ஓட்டிக் கோர்வை போடும் நெசவாளியைக் கேளுங்கள். இணைப்புப் பிசகினால் சேலையே பிசகும் என்பார்.

அத்தகைய கோர்வை வேலையொன்றை 1858இல் ஒளிப்படத்தால் செய்து காட்டினார் ஒருவர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர், கேப்டன் லின்னேயஸ் டிரைப். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, கருவியை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

கோயிலுக்குப் போகிறவர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். இவரோ குனிந்து எழுத்தைப் பார்த்தார்! இராசராசனும் தமக்கை குந்தவையும் கொடுத்த கொடைகளின் கணக்கு அங்கே கல்லில் கிடக்கிறது. அழகான துண்டொன்றை மட்டும் வெட்டியெடுக்காமல், வரிசை குலையாமல் தந்தாரே, அதுதான் சிறப்பு. வேறு படங்களில் காகித நெகட்டிவ்மீது மேகம் தீட்டிய கை, இங்கே அடங்கி நிற்கிறது. அக்கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891இல்தான்.

இவ்வுழைப்புக்குக் கிடைத்த பரிசு? 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், ஒளிப்படம் ஆடம்பரம், கருவூலம் தாங்காது என்று வேலையை நிறுத்தினார். 1857 கிளர்ச்சிக்குப்பின் கருவூலம் வறண்டிருந்தது உண்மைதான். ஆனால் அயர்லாந்துப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோரின் நிவாரணத்தையே சுருக்கியவர் என்று இன்றளவும் ஏசப்படுபவர் அவர். சோற்றுக்கே கணக்குப் பார்த்த பேனா, படத்துக்கா இரங்கும்? வேடிக்கை என்னவெனில், வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் அவரையே மேலிடம் திருப்பி அழைத்துக்கொண்டது!

டிரைப்பைத் தியாகியாக்க நான் வரவில்லை. அவரும் கம்பெனிப் படையின் அதிகாரி. அரசின் ஊதியத்தில் பிறந்த கலை, அரசின் கையெழுத்தால் நின்றது. 1860இல் இங்கிலாந்து திரும்பியவர், அதன்பின் ஏறக்குறையக் கருவியைத் தொடவேயில்லை. அவர் படங்களை 2014-15இல் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இலண்டனிலும் காட்சிக்கு வைத்தார்கள்.

எங்கள் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் ஓவியத்தின் மிச்சங்கள் இருக்கின்றன. படமெடுக்கத் தடையில்லை. ஆனால் அந்த அரையிருளில் கருவி அசையாமல் நிற்க முக்காலி ஊன்றவேண்டுமானால், தொல்லியல் துறையின் அனுமதித் தாள் வேண்டும்.