அற்புதம் என்றொரு அநீதி

அற்புதம் என்றார்கள்! ஆண்டவன் அருள் என்றார்கள்! 1972 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில் ஏடுகள் கூவிய அந்தச் சொல் இன்றும் ஓயவில்லை. 'ஆண்டிஸ் அற்புதம்' என்று பெயரிட்டு, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், மனித வரலாற்றின் மகத்தான ஓர் உழைப்பை. அந்தப் பெட்டகத்தைத்தான் நாம் இங்கே திறந்து பார்க்க விழைகிறோம்.

நடந்தது இது. உருகுவே நாட்டு மாண்டிவிடியோ நகரிலிருந்து சிலி நாட்டுச் சாந்தியாகோ நகருக்கு ரக்பி ஆட்டக்காரர்களையும் அவர்தம் உற்றார் நண்பர்களையும் ஏற்றிச் சென்ற விமானப்படை விமானம், வானிலை கெட்டதால் வழியில் மெண்டோசாவில் ஓர் இரவு தங்கி, அக்டோபர் 13 இல் மீண்டும் கிளம்பிற்று. அன்று வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் நாளும் வெள்ளியும் கூடினால் ஆகாது என்று மேனாட்டிலும் ஒரு ராகுகாலப் பஞ்சாங்கம் உண்டல்லவா? அதைக் காட்டி, "பார்த்தீர்களா!" என்றவர்கள் உண்டு. ஆனால் விமானத்தை வீழ்த்தியது நாளுமன்று, கோளுமன்று, கணக்குப் பிழை! மலைத்தொடரைக் கடந்து குரிக்கோ நகரை எட்டிவிட்டதாக எண்ணிய விமானி, இன்னும் மலைகளுக்கு நடுவே இருந்தபோதே வடக்கே திரும்பிக் கீழிறங்கினார். சிகரம் மோதிற்று, சிறகுகள் முறிந்தன, வால் பிய்ந்தது, நடுவுடல் மட்டும் பனிச்சரிவில் வழுக்கிச் சென்று, ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் நின்றது.

ஏறியவர் 45 பேர். 72 நாட்களுக்குப் பின் மீண்டவர் 16 பேர். மாண்டவர் 29 பேர்.

இங்கேதான் நமது முதற் கேள்வி எழுகிறது. 16 பேரைக் காத்தது அற்புதம் என்றால், 29 பேரைக் கைவிட்டதற்கு என்ன பெயர்? அக்டோபர் 29 ஆம் நாள் இரவு, உடைந்த விமானத்துக்குள் ஒருவரையொருவர் அணைத்து உறங்கியவர்கள்மீது பனிச்சரிவு பாய்ந்து எட்டுப் பேரை மூச்சடக்கிக் கொன்றதே, அவர்களுள் ஒருவர் அணித்தலைவர் மார்செலோ பெரெஸ். விபத்து நடந்த முதல் மணியிலிருந்தே காயம்பட்டவரைக் கவனிக்கவும், கிடந்த தின்பண்டத்தைப் பங்கிடவும் ஏற்பாடு செய்தவர் அவரே. அவரும் செபமாலை உருட்டியவர்தாம். அவருடைய செபம் மட்டும் ஏறவில்லையா? 'அருள்' என்ற சொல்லை உச்சரிப்பவர் மாண்டவர் வீட்டு வாயிலில் நின்று உச்சரித்துப் பார்க்கட்டும்.

சரி, அருள் காக்கவில்லை; பின் எது காத்தது? தாகத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் பனி, குடிக்க நீரில்லை! பனியை அப்படியே விழுங்கினால் வாய் புண்ணாகும். உடலின் வெப்பமும் வீணாகும். எரிக்க விறகில்லை. அடோல்ஃபோ ஸ்ட்ராவுக் என்ற இளைஞர் இருக்கையின் முதுகிலிருந்த அலுமினியத் தகட்டைப் பிரித்தார், வளைத்தார், வெயிலில் வைத்தார், மேலே பனியைத் தூவினார். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. கண்ணைக் குருடாக்கும் பனியொளிக்கு, விமானியின் அறையிலிருந்த நிறக்கண்ணாடித் தகடுகள் மூக்குக்கண்ணாடிகளாயின. இருக்கை மெத்தைகள், இடுப்பளவு பனியில் புதையாமல் நடக்கப் பாதரட்சைகளாயின. விமானத்தின் வாற்பகுதியில் கிடந்த வெப்பங்காப்புத் துணி உறங்கும் பையாயிற்று. அதைத் தைத்த ஊசியும் நூலும் மாண்டுபோன ஒரு தாயின் பெட்டியிலிருந்தவை. தைத்தவர், சிறுவயதில் தம் தாயிடம் தையல் பயின்ற இளைஞர். ஆணுக்கு எதற்குத் தையல் என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு ஆண்டிஸ் உச்சியிலிருந்து விடை வந்தது! இவர்களிற் பலர் அதுவரை பனியைக் கண்ணாலும் கண்டவரல்லர் என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, எல்லோரும் காதோடு காதாகப் பேசும் அந்தச் செய்தி. உணவு தீர்ந்தது. புல்லில்லை, பூச்சியில்லை. கைவானொலியில் கேட்ட செய்தியோ, தேடுதல் நிறுத்தப்பட்டது என்பது. மருத்துவ மாணவர் ராபர்ட்டோ கனேசா, உடல் தன்னைத்தானே தின்று அழிவதை எடுத்துரைத்து, இறந்த நண்பர்களின் உடலே இனி உணவு என வாதிட்டார். அழுதார்கள், மறுத்தார்கள், விவாதித்தார்கள். நான் இறந்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் வாக்களித்தார்கள். பிறகே உண்டார்கள். 'நரமாமிசம்' என்று கொக்கரித்த ஏடுகளுக்கு விவாதமும் தெரியவில்லை, வாக்கும் தெரியவில்லை. மீண்டு வந்தபின் செய்தியாளர் கூட்டத்தில் அவர்களுள் ஒருவர் இயேசுவின் கடைசி விருந்தோடு அதனை ஒப்பிட்டார். திருச்சபையும் பாவமில்லை என்றது. நல்லது. ஆனால் முடிவெடுத்த நாளில் மலையில் பாதிரியார் எவரும் இருந்தாரில்லை. பசித்த மனிதர்கள், தம் அறிவைத் தாமே கேட்டு, தாமே துணிந்தார்கள். மதம் பின்னால் வந்து முத்திரை குத்திற்று.

பியர்ஸ் பால் ரீட் 1974 இல் எழுதிய 'உயிரோடு' என்ற நூலில் பகுத்தறிவாளர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. பெற்றோர் சிலர் நெதர்லாந்து நாட்டு ஞானதிருஷ்டிக்காரரை நாடினார்கள். அவர் 'கண்ட' இடங்களை நம்பிச் சிலியின் தால்க்கா வட்டாரத்து மலைகளில் அலைந்தார்கள். விமானம் அங்கே இல்லை. பெற்ற வயிற்றின் தவிப்பை நாம் ஏளனம் செய்யோம். அந்தத் தவிப்பில் கடை விரிப்பவரை எப்படி மன்னிப்பது?

1993 இல் அமெரிக்கர் எடுத்த படத்தைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உருகுவே இளைஞர்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள். முடிவில் மரியன்னை துதி ஒலிக்கிறது. திரையரங்கு கோயிலாகிவிடுகிறது. நாண்டோ பர்ராடோ 2006 இல் வெளியிட்ட தன் வரலாறோ வேறுவகை. தாயையும் தங்கையையும் அம்மலையில் பறிகொடுத்த அவர், தம்மை நடத்திச் சென்றது கடவுளன்று, தந்தைமீது கொண்ட அன்பே என்கிறார். ஆயினும் நூலின் பெயரிலேயே 'அற்புதம்' வந்து உட்கார்ந்துகொண்டது! உள்ளே உண்மை, அட்டையில் வியாபாரம்.

பயோனா 2023 இல் எடுத்த 'பனியின் சமூகம்' நம் மதிப்பில் இவையனைத்திலும் உயர்ந்தது. பாப்லோ வியர்சியின் நூலைத் தழுவிய இப்படத்தில் கதை சொல்பவர் மீண்டவரல்லர். மாண்ட நூமா துர்காத்தி. இறந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் திரையில் எழுகின்றன. 29 பேரும் எண்ணிக்கையாகாமல் மனிதராகிறார்கள். படுகாயமுற்ற ஆர்துரோ பேசும் காட்சியோ நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஊரில் தொழுத கடவுள் இம்மலைக்கு ஆகார் என உணர்ந்து, காயங்கட்டும் நண்பனின் கையையும் நடக்கத் துணிந்த நண்பனின் காலையுமே அவர் நம்புகிறார். நாத்திகம் என்று அதற்குப் பெயரிட மாட்டார்கள், பெயரில் என்ன? குறையும் உண்டு. நூமாவின் இறந்த கைக்குள் வேதவாசகம் எழுதிய துண்டுத்தாளை வைத்துவிடுகிறது படம். அந்தக் கை வெறுங்கையாகவே இருந்திருக்கலாம்.

டிசம்பர் 12 இல் பர்ராடோ, கனேசா, விசிந்தின் மூவரும் மேற்கே ஏறினர். ஏன் மேற்கு? குரிக்கோவைக் கடந்துவிட்டோம் என்று சாகுந்தறுவாயில் துணைவிமானி சொன்ன சொல். அதை ஆராய வழியின்றி நம்பினார்கள். உயரமானியும் பொய் சொல்லிற்று. கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் கைவிடப்பட்ட விடுதி ஒன்று இருந்ததை அறியார். 4,500 மீட்டரைத் தாண்டிய உச்சியில், பச்சைப் பள்ளத்தாக்கை எதிர்பார்த்த கண்களுக்குப் பனிச்சிகரங்களே தெரிந்தன. அங்கே விழுந்து அழுதிருந்தால் யார் குறை சொல்வார்? உணவு போதாதென்று கணக்கிட்டு, மூன்றாமவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருவர் நடந்தார்கள். பத்து நாள், ஏறக்குறைய 60 கிலோமீட்டர்!

ஆற்றின் அக்கரையில் கண்டவர் செர்ஜியோ கத்தலான், குதிரையேறி மந்தை ஓட்டும் எளிய மனிதர். வெள்ளத்தின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. மறுநாள் வந்தார், தாளையும் எழுதுகோலையும் கல்லில் கட்டி எறிந்தார், மறுமொழியைப் படித்தார், தம்மிடமிருந்த ரொட்டியை எறிந்தார், பல மணி நேரம் குதிரையில் சென்று காவலருக்குச் சொன்னார். டிசம்பர் 22, 23 ஆகிய இரு நாட்களில் எஞ்சிய 14 பேரும் ஹெலிகாப்டரில் இறங்கினர். பணக்காரப் பேட்டைப் பிள்ளைகளைப் படிப்பறிவு குறைந்த மேய்ப்பர் மீட்ட கதை இது. பிற்காலத்தில் அவர்கள் அவரை மறக்கவில்லை. இடுப்பு அறுவைக்கும் உதவினார்கள். 2020 இல் அவர் மறைந்தார். பயோனாவின் படத்தில் அவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. ரொட்டியை எறிந்த அந்தக் கையை இன்னும் சற்று நேரம் திரையில் காண நமக்கு ஆசையாக இருந்தது.