வெல்லும் ஆசையும் கூடி வாழ்தலும்

தெத்சுகோ குரோயாநாகி 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டோட்டோ சான்’, இளமையில் அவர் பயின்ற டோக்கியோ பள்ளியின் நினைவுநூல். இரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள்.

அப்பள்ளியின் விளையாட்டு விழாவில் வெல்லத் துடிக்காத பிள்ளை இல்லை. எனினும் எல்லாப் பந்தயங்களிலும் முந்தியவன், கைகால் வளர்ச்சி குன்றிய தகாஹாஷியே! அவன் உடலமைப்புக்கேற்பப் பந்தயங்களை வகுத்திருந்தார் தலைமையாசிரியர் கோபயாஷி. பரிசுகளோ காய்கறிகள், வீட்டாரோடு கூடி உண்பதற்கு.

வெல்லும் ஆசையை அவர் அணைத்துவிடவில்லை. அதனைப் பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சியாக்கினார். இந்நூலின் உயிர்நாடி இதுவே.

சிறுமி ஒருத்தியின் கண்கொண்டே யாவும் கூறப்படுவதால், தோற்ற மற்றப் பிள்ளைகளின் உள்ளம் நமக்கு முழுமையாகப் புலப்படவில்லை. இது குறையே. ஆயினும், “எத்தனையாவது இடம்?” என்று பிள்ளைகளைக் கேட்டே பழகிய நம்மை, “யாருக்குத் துணை நின்றாய்?” என்றும் கேட்கத் தூண்டுகிறது இந்நூல்.