புல்லால் ஒரு பாலம்

பெருவின் கூஸ்கோ பகுதியில், அபுரிமாக் ஆற்றின் மேல் தொங்குகிறது கெஸ்வாசாகா பாலம். சுமார் 30 மீட்டர் நீளம். சுமை தாங்குவதெல்லாம் புல். இன்கா மக்களிடமிருந்து வழிவழியாக வந்த கைவேலை இது. ஆண்டுதோறும் ஜூனில் நான்கு ஊர்க்காரர்கள் கூடி அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். மலைப்புல்லை நனைத்து, நசுக்கி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பெண்கள் கயிறு திரிக்கிறார்கள். அதை ஆண்கள் முறுக்கிப் பின்னி, ஒரு கைப்பிடிக்குள் அடங்காத வடமாக்குகிறார்கள். நான்கு வடங்கள் தரைக்கு, இரண்டு கைப்பிடிக்கு. பழைய பாலத்தை அறுத்து ஆற்றோடு விட்டுவிடுவார்கள். 2013இல் இந்தக் கலையை யுனெஸ்கோ அங்கீகரித்தது. கல்லில் கட்டியிருந்தால் பாலம் மட்டுமே மிஞ்சியிருக்கும். புல்லில் கட்டியதால்தான், கட்டத் தெரிந்த கைகளும் ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி வந்திருக்கின்றன.