மூக்கை அளந்தவர்களும் அம்பேத்கரும்

ஒரகடம் கூட்ரோட்டில் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே சீட்டில் உட்காருகிறார்கள். 'சிப்காட் வந்துச்சு, சாதி போச்சு' என்கிறார்கள் நம் தோழர்களிலேயே சிலர். போச்சா? சோதித்துப் பார்க்க நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. 1916 மே 9 அன்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரைதான் அது.

அங்கே அவருக்கு முதன்மைப் பாடம் பொருளாதாரம். மானிடவியல் கூடவே எடுத்த பாடம். 1915இல் எம்.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இதை வாசித்தபோது வயது 25.

நானும் எம்.ஏ. தமிழோடு மானிடவியலைத் துணைப்பாடமாக எடுத்தவள். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதியைப் பிரித்து, எங்க சாதியின் மூக்களவை வாத்தியார் வாசித்தார். வகுப்பு மொத்தமும் திரும்பி என் மூக்கைப் பார்த்தது. இந்தப் படிப்பே வேணாம்னு அன்னிக்குத் தோணிச்சு. அளக்கப்பட்ட நாமே அளவுகோலைக் கையில் எடுக்கலாம் என்பது அம்பேத்கரைப் படித்த பிறகுதான் விளங்கியது.

செனார், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்று பெரிய பெயர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்கிறார். தீட்டு அல்ல, அகமணமே சாதியின் வேர் என்கிறார். அகமணம் நிலைக்க வேண்டுமானால் குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தபின் மிஞ்சும் பெண் வேலியைத் தாண்டிவிடக் கூடாது. அதற்குத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம். மனைவியை இழந்தவனுக்கோ சின்னப் பெண். புனிதம் என்று பூசி மெழுகியதையெல்லாம் வெறும் கணக்காகப் பிரித்துப் போடுகிறார். அந்தக் கணக்கு முழுக்கப் பெண் உடம்பின் மேல் போட்ட கணக்கு.

கட்டுரையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் செய்ததாலும் சாதி பரவியது என்கிறார். அடித்து ஒதுக்கப்பட்டவர்களின் கதை இதில் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் தான் பட்டதை ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது, கலப்பு மணமே மருந்து, அதைத் தடுக்கும் சாஸ்திரங்களின் அதிகாரத்தை உடைக்க வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

இந்த அளவுகோலை ஒரகடத்தில் வைத்துப் பாருங்கள். கான்ட்ராக்டில் வேலை செய்யும் எங்க காலனிப் பெண் ஒருத்தி சொன்னாள்: "லைன்ல பக்கத்துல நின்னு வேலை செய்யலாங்க்கா. கேன்டீன்ல ஒண்ணா சாப்புடலாம். கட்டிக்கத்தான் கூடாதாம்." சீட்டும் தட்டும் ஒன்றானதை நான் மறுக்கவில்லை. அதுவும் போராடாமல் வந்ததல்ல. ஆனால் வேர் அங்கேயேதான் இருக்கிறது.

எஞ்சினீயரிங்கோ காமர்ஸோ படிக்கும் நம்ம பிள்ளைகள் இந்தப் பாடத்தையும் கூட எடுக்கட்டும். உங்க தெருவில் இதுவரை நடந்த கல்யாணங்களை எழுதிப் பாருங்கள். நின்றுபோன கல்யாணங்களையும், ஊரைவிட்டு ஓடியவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.