அஸபிய்யத்தும் கால்பந்தும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கக் கூடிய அன்பர்களுக்கு முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்: யாதொரு தகுதியும் இல்லை. மற்றப் பிள்ளைகள் பந்தை உதைத்துத் திரிந்த வயதில் நாம் ஸர்ஃபையும் நஹ்வையும் உருப்போட்டுக் கொண்டிருந்தோம். ஆட்டத்தின் நுட்பங்களை இன்றளவும் அறியோம். ஆயினும் ஆட்டம் முடிந்த பின்னர் ரசிகர்கள் தமக்குள் நிகழ்த்தும் வாதப் பிரதிவாதம் இருக்கிறதே, அது சொல்லைப் பற்றியது. சொல் நம் துறை.

இதில் நம்மை இழுத்துவிட்டவர் ஒரு மாணவர். இப்னு கல்தூனின் முகத்திமாவில் அஸபிய்யத் பற்றிய பகுதியைப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தாரை ஒருவரோடொருவர் பிணைத்து, ஒருவருக்கு நேர்ந்த இழிவை எல்லாருக்கும் நேர்ந்ததாக உணரச் செய்யும் அந்த இனப்பற்றை விளக்குகையில், “ஹஜ்ரத், லிவர்பூல் ரசிகர்களிடம் இருப்பதும் இதுதானா?” என்று அவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அந்த ரசிகர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் அவர்களே எழுதியவற்றையும் தேடிப் படிக்கலானோம். படித்தபின் தோன்றியதையே ஈண்டு எழுதுகிறோம்.

லிவர்பூல் வடமேற்கு இங்கிலாந்தில் மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த துறைமுக நகரம். அங்கே இரு பெருங்கழகங்கள். ஆன்ஃபீல்டு திடலில் ஆடிவந்த எவர்ட்டன் கழகம் திடலின் உரிமையாளரோடு பிணங்கி 1892இல் வெளியேறவே, வெறுமையான திடலுக்கென உருவாக்கப்பட்டதே லிவர்பூல் கழகம். எவர்ட்டன் பூங்காவுக்கு அப்பால் குடிசன் பார்க்கில் குடியேறி, அவ்வணியின் ஆடவர் 2025 வரை அங்கேயே ஆடினர். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில், அண்ணன் சிவப்புக்கும் தம்பி நீலத்துக்கும் ஆதரவாளராக இருப்பது அவ்வூர் வழக்கம். இதைப் படித்தபோது நமக்கு ஜரீரும் ஃபரஸ்தக்கும் நினைவுக்கு வந்தனர். இருவரும் தமீம் கோத்திரத்தார். பஸ்ராவின் மிர்பத் சந்தையில் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஒருவரை ஒருவர் வசைபாடினர். ஒருவர் எடுத்த யாப்பிலும் எதுகையிலுமே மற்றவர் விடை கூற வேண்டும் என்பது அந்த நகாயிழ் கவிதைகளின் விதி. சுற்றி நின்றோர் இரு அணியாகப் பிரிந்து ஆரவாரித்தனர். ஆன்ஃபீல்டில் ‘கோப்’ எனப்படும் மேடையில் நிற்பவர்கள் எதிரணியாரின் பாட்டையே வாங்கி, மெட்டை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றித் திருப்பிப் பாடுவார்களாம். (தென்னாப்பிரிக்கப் போரில் 1900ஆம் ஆண்டு பல லிவர்பூல்காரர்கள் மடிந்த ஸ்பியன் கோப் குன்றின் பெயர் அது. மேடை 1906இல் எழுந்தது.) வசையும் புகழும் பெருமிதமும் ஆகிய மூன்றே பொருள்கள், பஸ்ராவிலும் அவைதாம், லிவர்பூலிலும் அவைதாம்.

இவ்வளவில் நின்றிருந்தால் அது வெறும் பொழுதுபோக்கு. அதை வேறொன்றாக்கியது வறுமை. துறைமுகத் தொழில் சாய்ந்து 1980களின் தொடக்கத்தில் அந்நகரில் வேலையின்மை பெருகிற்று. 1981 ஜூலையில் கறுப்பினத்தார் மிகுதியாக வாழ்ந்த டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் மூண்டது. அந்நகருக்காகப் பணம் செலவிடுவதைவிட அதை மெல்ல நலியவிடுவது பற்றி எண்ணலாம் என அப்போதைய நிதியமைச்சர் பிரதமருக்கு எழுதிய யோசனை, முப்பது ஆண்டு கழித்து 2011 டிசம்பரில் வெளியான அரசு ஆவணங்களில் வெளிப்பட்டது. அக்காலத்தில்தான் ‘தி எண்ட்’ என்ற சிற்றிதழை அவ்வூர் இளைஞர் சிலர் 1981இல் தொடங்கினர். பந்தாட்டமும் இசையும் உடையும் கேலியும் கலந்த இதழ் அது. இரு கழகத்து ரசிகர்களும் வாங்கிப் படித்தனர். அணியில் யாரைச் சேர்ப்பது என்ற பேச்சு, ஊரை யார் கைவிட்டார் என்ற பேச்சாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

பின்னர் வந்தது 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணியோடு அரையிறுதி ஆட்டம். நெரிசலைக் குறைக்கக் காவலர்கள் வெளிவாயில் ஒன்றைத் திறந்தனர். உள்ளே வந்த கூட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்த நடுக்கம்பி அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. நசுங்கி இறந்தோர் தொகை முடிவில் 97 ஆயிற்று. கடைசியானவர் காயங்களின் விளைவாக 2021இல் இறந்தார். வாயிலைத் திறந்தது காவல் துறை. ஆனால் ரசிகர்களே வாயிலை உடைத்துப் புகுந்தனர் என்று அன்றே சொல்லப்பட்டது. நான்கு நாள் கழித்து ‘சன்’ நாளேடு, இறந்தோரின் சட்டைப் பையில் ரசிகர்கள் கைவிட்டனர் என்று எழுதி, அதன் மேல் ‘உண்மை’ என்ற சொல்லைத் தலைப்பாகப் பொறித்தது. மெர்சி நதிக்கரை மக்கள் அந்த ஏட்டை அன்று முதல் விலக்கி வைத்தனர். சுயேச்சைக் குழு ஒன்று 2012 செப்டம்பரில் ஆவணங்களை வெளியிடும் வரையும், 2016 ஏப்ரலில் ஜூரிகள், இவை சட்டத்துக்குப் புறம்பான கொலைகள், ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பளிக்கும் வரையும் அவர்கள் வாதாடினர். இருபத்தேழு ஆண்டுகள்! இங்கே அஸபிய்யத் தன் முழு அழகோடு நிற்கிறது. பகைக் கழகமான எவர்ட்டனின் ரசிகர்களும் சேர்ந்து, விபத்து நடந்த மறுவாரம் குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்டு வரை பூங்காவின் குறுக்கே கழுத்துத் துண்டுகளை முடிந்து ஒரு மைல் நீளத்துக்குக் கட்டினார்களாம். ஃபரஸ்தக் மறைந்தபோது அவருக்கு இரங்கற்பா பாடியவர் ஜரீர் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள்.

இத்தகைய மக்களின் சமூக உணர்வைப் புகழ்வோர் பிற செயல்களையும் அடுக்குவர். 2016 பிப்ரவரியில் அனுமதிச் சீட்டின் உச்ச விலை 77 பவுண்டாக உயரும் என்றபோது, சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். சில நாளில் உரிமையாளர்கள் பணிந்தனர். எவர்ட்டன் ரசிகர்களோடு சேர்ந்து திடல் வாயிலில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் சேகரிக்கின்றனர். 2021 ஏப்ரலில் பெருங்கழகங்கள் பன்னிரண்டு தமக்கென ஒரு தனிப் போட்டியை அமைக்க முயன்றபோது, தம் கழகமும் அதில் ஒன்றென்று கண்டு கோப் மேடையின் பதாகைகளைக் கழற்றினர். இவையெல்லாம் நன்று. ஆனால் திறனாய்வாளன் ஒரு வேற்றுமையைக் காட்டியாக வேண்டும். இவற்றிலெல்லாம் அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் அவர்களே, அல்லது அவர்களின் அண்டை வீட்டார். தன் காலில் தைத்த முள்ளைப் பற்றிப் பேசுவதற்குப் பெரிய நீதியுணர்ச்சி வேண்டியதில்லை.

முஹம்மது ஸலாஹ் 2017இல் அக்கழகத்தில் சேர்ந்தது பற்றி நம் வட்டாரத்தில் மிகுந்த பூரிப்பு. இவர் இன்னும் சில கோல்கள் போட்டால் நாமும் முஸ்லிமாகிவிடுவோம் என்ற பொருளில் ரசிகர்கள் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினர். அவர் வந்த பின் மெர்சிசைடு வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராதிருந்தால் இருந்திருக்கக் கூடிய அளவினும் 16 விழுக்காடு குறைந்தன என்று கணக்கிட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த ஆய்வாளர் 2021இல் கட்டுரை வெளியிட்டனர். மகிழத்தக்க செய்தியே. எனினும் அந்தப் பாட்டின் வாக்கிய அமைப்பைச் சற்று நோக்குங்கள். அது ஒரு ஷர்த்து வாக்கியம். ‘கோல் போட்டால்’ என்ற நிபந்தனை முன்னே நிற்கிறது. கோல் போடாத முஸ்லிமைப் பற்றி அப்பாட்டு வாய் திறக்கவில்லை. நம் அன்பர்கள் இதைக் குறுகிய பார்வை என்பார்களாயின் ஏற்றுக்கொள்கிறோம். இலக்கணம் படித்தவன் ‘ஆல்’ விகுதியைக் கண்டால் நின்றுவிடுகிறான்.

நிற்க. ரசிகர் பேச்சின் உண்மையான உரைகல் வேறோர் இடத்தில் இருக்கிறது.

2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு ஆட்டம். லிவர்பூலின் உருகுவே நாட்டு வீரர் லூயிஸ் சுவாரெஸ், எதிரணியின் பட்ரீஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. எவ்ரா செனகலில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். விசாரணைக் குழு டிசம்பர் 20 அன்று சுவாரெசுக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், அச்சொல்லை அவர் ஏழு முறை ஆண்டார் என்று முடிவு கூறிற்று. ஒரு முறையே சொன்னேன், அதுவும் நட்பாக என்பது அவர் தரப்பு.

இவ்வழக்கில் நம்மைப் போன்றோர் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. சொல்லின் பொருளை அறியக் குழுவினர் இரண்டு மொழி வல்லுநர்களை அழைத்தனர். கறுப்பு என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல்லை உருகுவேயில் பழகியவர்கள் அன்பாகவும் விளிப்பதுண்டு. ஆனால் சச்சரவின் நடுவே, எவ்ரா கூறிய விதத்தில் சொல்லப்பட்டிருந்தால் அது அங்கேயும் இழிசொல்லே என்று அவர்கள் உரைத்தனர். பலாகத் நூலோர் ‘முக்தளல் ஹால்’ என்பதும், நம் உரையாசிரியர்கள் இடம் நோக்கிப் பொருள் கொள்வதும் இதுவேயன்றோ? ஒரு சொல் தன்னளவில் அன்புமில்லை, பகையுமில்லை. யார், யாரிடம், எந்நிலையில் சொன்னார் என்பதே அதன் பொருள். ஆனால் ரசிகர்களில் பலர் வல்லுநர் கூற்றின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டனர். ஓர் ஆயத்தின் பாதியை ஓதி மறுபாதியை மறைப்பவரை நாம் எப்படி மதிப்போமோ, அப்படித்தான் இதையும் மதிக்க வேண்டும். எவ்ரா முன்னரும் இப்படிப் புகார் சொன்னவர் என்றனர். இது பகைக் கழகத்தின் சூழ்ச்சி என்றனர். மறுநாள் விகன் நகர ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் வீரர்கள் சுவாரெசின் உருவம் பொறித்த சட்டை அணிந்து வந்தனர். 2012 ஜனவரியில் எவ்ரா மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, பந்து அவர் காலில் பட்ட போதெல்லாம் திடல் ஊளையிட்டது.

இதை வெறும் நிறவெறி என்று ஒதுக்கிவிட நாம் உடன்படோம். அவ்வாறு ஒதுக்குவது எளிது, எளிதானதால் ஐயத்துக்குரியது. தேதிகளைப் பாருங்கள். அந்த ஆட்டம் அக்டோபர் 15. ஹில்ஸ்பரோ ஆவணங்களை வெளியிடக் கோரும் விவாதம் நாடாளுமன்றத்தில் நடந்தது அக்டோபர் 17. தம் மீது சுமத்தப்பட்ட பொய் அதிகார பூர்வமாகத் துடைக்கப்படாமல் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த மக்கள் அவர்கள். அதிகாரத்திலுள்ள ஒரு குழு அறிக்கை எழுதித் தம்மவரைக் குற்றவாளி என்றால், இதுவும் இன்னொரு பொய்யே என்று அவர்கள் செவி கேட்டது. அவர்களை உண்மைக்காகப் போராட வைத்த அதே அஸபிய்யத்தான், மற்றொருவர் உரைத்த உண்மைக்குத் தாழிட்டது. இப்னு கல்தூன் இச்சொல்லைச் சமூகத்தைத் தாங்கும் வலிமை என்ற பொருளில் ஆள்கிறார். தன் கூட்டத்தார் செய்யும் அநியாயத்துக்குத் துணைபோவது என்ற பொருளில் அதைக் கண்டிக்கும் மார்க்க வழக்கும் உண்டு. இரண்டும் வெவ்வேறு சொற்கள் போலும் என்று நாம் நெடுநாள் மாணவர்களுக்கு விளக்கி வந்தோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல நா எழவில்லை.

அக்கழகத்தில் ஆடிய முதற்கறுப்பினத்தவர் டாக்ஸ்டெத்தில் பிறந்த ஹவர்டு கேல். அவர் களமிறங்கியது 1980இல். அதாவது கழகம் தோன்றி எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. ஊரின் துயரைப் பாடும் நாவுகள் ஊருக்குள்ளேயே இருந்த இந்தத் துயரை எவ்வளவு பாடின என்ற கேள்வியை, 2011இல் அவ்வூர்க்காரர் சிலரே எழுப்பினர். அவர்களைத் தம் பக்கத்தாரே துரோகிகள் என்று ஏசினர். எட்டாண்டு சென்றபின், சட்டை அணிந்த வீரருள் ஒருவரான ஜேமி கேரகர், 2019இல் தொலைக்காட்சியில் எவ்ராவின் முன்னிலையிலேயே நாங்கள் செய்தது பெருந்தவறு என்று மன்னிப்புக் கேட்டார். துரோகிகள் எனப்பட்டோர் சொன்னதும் அதுவே.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. அதைப் பற்றி அந்த ரசிகர்கள் மிகக் குறைவாகவே பேசக் காண்கிறோம். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேசல் திடல். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கும் முன் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்து அடைப்பின் மேல் பாய்ந்தது. பின்வாங்கியவர்களின் நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தனர். அவருள் 32 பேர் இத்தாலியர். அத்திடல் பாழடைந்திருந்தது உண்மை. நடுநிலையாளர்க்கென ஒதுக்கிய பகுதியில் இத்தாலியர்க்குச் சீட்டு விற்கப்பட்டதும், முந்திய ஆண்டு ரோம் நகரில் லிவர்பூல் ரசிகர்கள் தாக்கப்பட்டதும் உண்மை. வாதத்தில் இவை முதலில் வருகின்றன, பாய்ந்த கால்கள் கடைசியில் வருகின்றன. பெல்ஜிய நீதிமன்றம் 1989 ஏப்ரலில் பதினால்வருக்குத் தண்டனை விதித்தது. ஹில்ஸ்பரோவில் இறந்தோரைப் புதைத்துக் கொண்டிருந்த அதே மாதம்.

இருபதாண்டு கழித்து, 2005 ஏப்ரலில், ஜுவெண்டஸ் அணி ஹேசலுக்குப் பின் முதன்முறையாக ஆன்ஃபீல்டுக்கு ஆட வந்தது. கோப் மேடையினர் அட்டைகளை உயர்த்திப் பிடித்து, இத்தாலிய மொழியில் ஒரே ஒரு சொல்லை மேடை முழுவதும் தோன்றச் செய்தனர். அச்சொல்லுக்கு நட்பு என்று பொருள். நல்ல எண்ணத்தோடு செய்ததே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கொன்றவர் பக்கத்திலிருந்து, இறந்தவர் பக்கத்துக்கு, முதற்சொல்லாக வரத்தக்கது நட்பு அன்று. அச்சொல்லை வழங்கும் உரிமை எதிரில் அமர்ந்திருந்தவர்களுடையது. அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டிய சொல் வேறு. அது இத்தாலிய மொழியிலும் உண்டு. எதிர்ப்பக்கத்து ரசிகர்களில் சிலர் கைதட்டினர். பலர் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றனர்.