சத்தத்தைக் குறைக்காதீங்க: சுசீலா ராமனின் ‘வேல்’

சுசீலா ராமன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2001-ல் வந்த ‘சால்ட் ரெயின்’. மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன ஆல்பம். தியாகராஜரையும் தீட்சிதரையும் கிட்டாருக்குப் பக்கத்தில் பதமாக உட்கார வைத்திருப்பார். லண்டன் காபிக்கடையிலும் போடலாம், மயிலாப்பூர் வீட்டுக் கூடத்திலும் போடலாம். பத்து வருஷம் கழித்து, 2011-ல் வந்த ‘வேல்’ அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அவர் செய்ததிலேயே துணிச்சலான வேலை இதுதான் என்பேன்.

இதில் அவர் கீர்த்தனையை விட்டுவிட்டு முருகன் பாட்டுக்கு வருகிறார். ‘என்னப்பனே’வை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ரமணியம்மாள் பாடி ஊரெல்லாம் கேட்ட பாட்டு. ரமணியம்மாள் ஒரு அடியைக் கொடுப்பார், பின்னால் கூட்டம் வாங்கும்; வேகம் ஏற ஏற கேட்கிறவர் கை தானாகத் தாளம் போடும். சுசீலா அந்த வேகத்தை ராக் இசையின் முரட்டுத்தனத்தோடு சேர்க்கிறார். சாம் மில்ஸின் கிட்டார் சுருதிக்குத் துணை நிற்பதோடு நிற்காமல் முட்டி மோதுகிறது. பவன் தாஸ் பாவுலோடு சேர்ந்து ‘ரியல் ஷுகர்’ செய்தவர் அவர். நாட்டுப்புறப் பாடகர்களோடு பழகிய கை.

‘ஒரே இரைச்சல்’ என்று சொல்பவர்கள் உண்டு. எங்க சடையங்குப்பம் பக்கம் ஆடி மாசம் வந்து பாருங்கள். கூழ் ஊத்துற அன்னைக்கு விடிவதற்குள் மைக்செட்டில் எல்.ஆர். ஈஸ்வரி வந்துவிடுவார். குழாய் ஸ்பீக்கரில் குரல் கரகரவென்று உடையும். அந்த உடைசல் சேர்ந்ததுதான் எங்களுக்குப் பாட்டு. ‘வேல்’ ஆல்பத்தின் கிட்டார் கரகரப்பும் அதே ஜாதி சத்தம். ‘சால்ட் ரெயினை’ ரசித்த காது இதைத் தள்ளிவிடுகிறது என்றால், எந்தத் தெருவின் சத்தம் கலை, எந்தத் தெருவின் சத்தம் தொந்தரவு என்கிற பழைய கணக்கும் அதற்குள் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். வேகம் கூடுகிற இடங்களில் தமிழ் மழுங்குகிறது. ரமணியம்மாளிடம் ஒரு எழுத்துகூட சிந்தாது. ‘நம்ம பாட்டை ஏன் இவங்க பாடணும்’ என்று யாராவது கேட்டால், இந்த உச்சரிப்பைத்தான் முதலில் காட்டுவார்கள்.

நான் அங்கேதான் நிற்கிறேன். ரமணியம்மாளுக்குப் பின்னால் எடுத்துப் பாட ஒரு ஊரே இருந்தது. சுசீலா அடியைக் கொடுத்துவிட்டு, வாங்குவதற்கும் தானே ஓட வேண்டியிருக்கிறது. கடல் தாண்டிப் போன குடும்பத்தின் மகள், பதில் சொல்ல ஆளில்லாத இடத்திலிருந்து கூப்பிடுகிற குரல் அது. அந்தத் தவிப்பைப் பதமாகப் பாடியிருந்தால் பொய்யாகிப் போயிருக்கும்.

இயர்போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். பெரிய ஸ்பீக்கரில், ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரலாம். கூடச் சேர்ந்து பாடவும் செய்யலாம்.